நான் ஜெயித்துத் தொலைத்த ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஞாயிறு காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சபதம் எடுத்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. வாயில் நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

என் பெயர் ரான் ச்சிலின். வயது அறுபத்திரண்டு. சிச்சுவானில், தோ ஆற்றங்கரையில், ஒரு சின்ன ஊர். எங்கள் ஊர் மிளகாய் விழுது ஆலையில் முப்பத்தோரு வருடம் சுவை பார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கரண்டி விழுதை நாக்கில் வைத்தால் போதும். அவரைப் பருப்பு எத்தனை மாதம் ஊறியது, மிளகாய் எந்த மேட்டில் விளைந்தது, தாழியைக் கிளறியவன் அன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தானா, எல்லாம் சொல்லிவிடுவேன். ஆலையில் எனக்கு அவ்வளவு மரியாதை. அந்த நாக்குதான் வீட்டில் என்னைக் கவிழ்த்தது.

கல்யாணமான புதிதில் என் மனைவி யுன்ஜென் ஒருநாள் சமைத்தாள். நான் வாய் சும்மா இராமல், "உப்பு ஒரு கல்லு கூட" என்றேன். அவள் கோபப்படவில்லை. கரண்டியை என் கையில் கொடுத்தாள். "இவ்வளவு நல்ல நாக்கை வச்சுக்கிட்டு நீங்க சும்மா உட்கார்ந்திருந்தா அது நாட்டுக்கே நஷ்டம்" என்றாள். முப்பத்தைந்து வருடம் ஆகிறது. கரண்டி இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் என்னைப் போன்ற ஆண்களுக்கு ஒரு பெயர் உண்டு. மெத்துக்காதுக்காரன். மனைவி பிடித்துத் திருகித் திருகியே காது மெத்தென்று ஆகிவிடுமாம். ஊர் ஆண்களில் பாதிப் பேர் மெத்துக்காதுக்காரர்கள். மீதிப் பேருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

ஓய்வு பெற்ற அன்று ஆலையில் எனக்கு ஒரு தூண்டில் கோல் கொடுத்தார்கள். அருமையான கோல். ஒன்றரை வருடமாக அது பால்கனியில் குறுக்கே கிடக்கிறது. யுன்ஜென் அதில் காலுறை காயப்போடுகிறாள். என்னோடு வேலை பார்த்தவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து ஆற்று வளைவுக்குப் போகிறார்கள். மாலை முகமெல்லாம் வெயிலோடு திரும்பி வருகிறார்கள். எனக்கு மீன்கூட முக்கியமில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "மதியத்துக்கு என்ன?" என்று யாரும் கேட்காத இடத்தில் உட்கார வேண்டும். கெண்டை மீன் அதைக் கேட்காது. அந்த ஆசை எனக்குத் தொண்டை வரைக்கும் இருந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். சபதத்தை அறிவிக்கவும் ஒரு இடம் வேண்டுமல்லவா.

"யுன்ஜென், உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பேசுங்க கிழவரே. அந்த வெங்காயத்தாளை நறுக்கிக்கிட்டே பேசுங்க."

நறுக்கிக்கொண்டே பேசினேன். "இனிமே ஞாயித்துக்கிழமை நான் மீன் பிடிக்கப் போறேன்."

"தாராளமா போங்க. யாரு வேண்டாம்னா?"

எனக்குக் கத்தி கை நழுவியது. "நிஜமாவா?"

"நிஜமாத்தான். மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் சமைச்சு மூடி வச்சுட்டுப் போங்க."

"பஸ் ஆறு மணிக்கு."

"அப்போ நாலு மணிக்கு எழுந்திருங்க. உங்களுக்குத்தான் வயசான தூக்கமாச்சே."

"சமைக்காம போறேன்னு சொல்றேன், யுன்ஜென்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த முக்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தகாலம் வரைக்கும் அது காலியாகத்தான் இருந்தது. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் யுன்ஜென் பாலத்தடி தேநீர்க்கடையில் நீளச்சீட்டு ஆடப் போய்விடுவாள். அவள், டோஃபுக் கடை ஷியாங் அக்கா, பின் தெரு லியாவ் அக்கா. மூன்று பேர் ஆட்டம். அந்த மேஜையில் என் மனைவி ராணி. அப்புறம் லியாவ் அக்காவுக்குப் பேரன் பிறந்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர் ஷென்ஜென்னுக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். நீளச்சீட்டை இரண்டு பேர் ஆட முடியாது. மூன்றாவது கைக்கு ஊரெல்லாம் தேடினார்கள். கிழவிகளெல்லாம் பேரப்பிள்ளை பார்க்கப் போய்விட்டார்கள். இளசுகளெல்லாம் செல்போனுக்குள் போய்விட்டார்கள். கடைசியில் யுன்ஜென்னும் ஷியாங் அக்காவும் என்றோ போட்ட ஒரு சீட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு, பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார்கள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க யுன்ஜென் சமையலறை முக்காலியில்தான். சீட்டைப் பிரித்துப் பார்த்த கண்ணால் என் பூண்டைப் பார்த்தாள். "அந்தப் பல்லு பெருசா இருக்கு." "அந்த எண்ணெய் இன்னும் காயலை." எதிராளி இல்லாத ராணி சும்மா இருப்பாளா?

"ஞாயித்துக்கிழமை என்னோடது" என்றாள் இப்போது. "வேணும்னா சீட்டுல என்னை ஜெயிச்சு எடுத்துக்கோங்க."

"சீட்டா? நானா?"

"அதானே. நீங்களா." உடனே கையை வீசினாள். "விடுங்க, ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன். உங்களுக்கு அது வராது."

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். இந்த முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னைச் சீட்டு ஆடக் கூப்பிட்டது நூறு தடவையாவது இருக்கும். நூறு தடவையும் நான் மூக்கை உயர்த்தி, "வேலை வெட்டி இல்லாதவங்க விளையாட்டு" என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று நான் சொன்னது வேறு. வராது என்று அவள் சொல்வது வேறு.

"ஏன் வராது?"

"அதுக்கு மண்டை வேணும். உங்களுக்கு நாக்கு மட்டும்தானே."

"ஆலையில என்னை எல்லாரும்..."

"ஆலையில உங்களைக் கூட்டல் கழித்தல் போடச் சொன்னாங்களா? இதுல ஓயாம கணக்குப் போடணும். அதோட ரத்த அழுத்தம் வேற. டாக்டர் என்ன சொன்னார்? கத்துக்கலாம்கிற நினைப்பே உங்களுக்கு வரக்கூடாது. நான் கண்டிப்பா சொல்றேன்."

கண்டிப்பாகச் சொன்னாள். ஐயா, என் உடம்பில் ஓடும் மிளகாய் மொத்தமும் தலைக்கு ஏறியது.

"எழுது ஒப்பந்தம்" என்றேன்.

எழுதினாள். அடுத்த மாதக் கடைசி ஞாயிறு, பாலத்தடி தேநீர்க்கடையில், காலையிலிருந்து நண்பகல் வரை ஆட்டம். நான் ஜெயித்தால் இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் ரான் ச்சிலின் சமையலறைக்குள் நுழைய வேண்டியதில்லை. அவள் ஜெயித்தால் தூண்டில் கோல் நிரந்தரமாகக் காலுறைக்குச் சொந்தம். இரண்டு பேரும் சிவப்பு மையில் கட்டைவிரலை ஒற்றினோம். காகிதம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஏறியது. ஏறக்குறைய நாற்பது நாள் இருந்தது.

யாரிடம் கற்றுக்கொள்வது? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. என் மனைவியின் ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதே சமயம் அவளிடம் போய் ஒரு வார்த்தை பேசாதவராகவும் இருக்க வேண்டும். ஊரில் அப்படி ஒரே ஆள்தான். மறுநாளே ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஷியாங் அக்காவின் டோஃபுக் கடைக்குப் போனேன்.

"அக்கா, யுன்ஜென்னைத் தோற்கடிக்கணும்."

ஷியாங் அக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். முகம் அப்படியே மலர்ந்தது. "உள்ளே வா தம்பி" என்றார்.

"அவளுக்குத் தெரியக் கூடாது."

"அவளா? அவ முகத்துலயே நான் முழிக்கிறதில்லை. அவ இருக்கிற பக்கம் காத்து அடிச்சாக்கூட நான் ஜன்னலைச் சாத்திடுறேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பாடத்துக்குக் கூலியாக அவருடைய டோஃபுக்கு நான் காரக் குழம்பு கலக்கித் தர வேண்டும் என்று பேச்சு. தினமும் காலை வியாபாரம் முடிந்ததும், கடைக்குப் பின்னால் சோயா மூட்டைகளுக்கு நடுவில் பாடம்.

நீளச்சீட்டு என்பது விரல் அகலம், சாண் நீளம். அதில் படம் கிடையாது. சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் மட்டும். ஒரு சீட்டும் இன்னொரு சீட்டும் சேர்ந்து பதினான்கு புள்ளி வந்தால் ஜோடி. பன்னிரண்டு புள்ளி வானம், இரண்டு புள்ளி பூமி. பதினொன்று கோடரி, அதற்கு ஜோடி மூன்று. ஒருவர் போட்ட சீட்டை, நம் கையில் ஜோடி இருந்தால் நாம் எடுக்கலாம். கையிலிருப்பது எல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டால் ஆட்டம் நம்முடையது. எந்தச் சீட்டால் ஆட்டம் முடிந்ததோ, அதைப் போட்டவர் முகத்தில் ஒரு காகிதத் துண்டைத் தேநீரில் நனைத்து ஒட்டுவோம். அவ்வளவுதான் விதி. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

முதல் வாரம் என்னால் சீட்டைப் பிடிக்கவே முடியவில்லை. இருபது சீட்டை ஒரே கையில் விசிறியாக விரித்துப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒன்றை உருவினால் பத்து கொட்டும்.

"தம்பி, சீட்டைப் பிடிடா. கோழி அமுக்கிற மாதிரி அமுக்காதே."

"நழுவுது அக்கா."

"கரண்டியை எப்படிப் பிடிப்பே?"

"தூக்கத்துலகூடப் பிடிப்பேன்."

"அப்போ இதையும் கரண்டின்னே நினைச்சுக்கோ."

நினைத்துக்கொண்டேன். பிடி வந்துவிட்டது. சபதத்தை நினைத்தபோது கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஆனால் பிடி வந்துவிட்டது.

இரண்டாவது வாரம் கணக்கு. எதைப் பார்த்தாலும் பதினான்கு தெரிய ஆரம்பித்தது. ஒன்பதாம் நம்பர் பஸ் போனால் ஐந்தாம் நம்பர் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். வாணலியில் பதினொரு மிளகாய் போட்டுவிட்டு, கை தானாக மூன்று பூண்டுப் பல்லை எடுத்தது.

"என்ன கிழவரே, எண்ணி எண்ணிப் போடுறீங்க?" என்றாள் யுன்ஜென் முக்காலியிலிருந்து.

"உடம்புக்கு நல்லதாம். டிவியில சொன்னாங்க."

"அப்படியா. இன்னைக்கும் டோஃபுவா?"

அதுதான் சிக்கல். ஷியாங் அக்கா கடைக்குப் போவதற்கு எனக்கு வேறு சாக்கு கிடையாது. தினமும் ஒரு பாத்திரம் டோஃபு வீட்டுக்கு வந்தது. வதக்கினேன், வேகவைத்தேன், பொரித்தேன், கைமாவில் புதைத்தேன். கிட்டத்தட்ட நாற்பது நாள் தொடர்ந்து அவள் டோஃபு சாப்பிட்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. ஷியாங் அக்காவுக்கு எங்கள் வீட்டு விஷயமெல்லாம் தெரிந்திருந்தது.

"நேத்து பன்றிக்கறி வதக்கல்ல விழுது கொஞ்சம் தூக்கலாமே தம்பி?" என்பார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாசனை அடிச்சதே."

எங்கள் வீடு ஆறு தெரு தள்ளி, ஐந்தாவது மாடியில். டோஃபுக் கடைக்காரிக்கு என்ன மூக்கு என்று வியந்தேன். ஆலையில் இவரை எடுக்காமல் விட்டுவிட்டார்களே என்று வருந்தவும் செய்தேன்.

நாலாவது வாரம் அவர் என் மனைவியின் ரகசியங்களைச் சொன்னார். நல்ல சீட்டு வந்தால் யுன்ஜென் தேநீர்க் கோப்பையின் மூடியைச் சாய்த்து வைப்பாளாம். ஒன்பது போட்டால் கையில் ஐந்து இல்லையென்று அர்த்தமாம். மாட்டிக்கொண்டால் பக்கத்து மேஜைக்காரரிடம் பேரன் சௌக்கியமா என்று கேட்பாளாம். ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்தேன். முப்பத்தைந்து வருடம் கூடவே வாழ்ந்தும் எனக்குத் தெரியாத யுன்ஜென் ஒருத்தி அந்தச் சோயா மூட்டைகளுக்கு நடுவே உருவாகிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு கடைசிக் காயை நகர்த்தினேன்.

"யுன்ஜென், ஆட்டத்துக்கு மூணாவது கை வேணுமே. யாரைக் கூப்பிடலாம்?"

"நீங்களே பாருங்க. எனக்கு யாரைத் தெரியும்?"

"அந்த ஷியாங் அக்கா எப்படி?"

அவள் முகம் கறுத்தது. "அவளா? அவகூட ஒரே மேஜையிலயா? செத்தாலும் மாட்டேன்."

"ஊர்ல வேற ஆள் இல்லையே."

பிறகு பெருமூச்சு விட்டாள். "சரி. உங்களுக்காக. ஆனா அவ மூஞ்சியை நான் பார்க்க மாட்டேன். சீட்டை மட்டும்தான் பார்ப்பேன்."

நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். மூன்று பேர் ஆட்டத்தில் இரண்டு பேர் என் பக்கம்.

ஞாயிறு வந்தது. தூண்டில் கோலிலிருந்து காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தேன். கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு தேநீர்க்கடைக்குப் போனேன். பன்னிரண்டரை மணிக்கு ஆற்று வளைவுக்கு ஒரு பஸ் உண்டு. கோலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்தேன். விஷயம் எப்படியோ பரவி, ஊரில் பாதி வந்திருந்தது. ரான் ச்சிலின் தன் மனைவியை எதிர்த்து நிற்கிறான் என்றால் மழையில்கூட வருவார்கள். எல்லோரும் என் பின்னால் நின்றுகொண்டார்கள். யுன்ஜென்னின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் துணிச்சல் ஊரில் யாருக்கும் கிடையாது.

ஆட்டம் தொடங்கியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஷியாங் அக்கா சொன்னது அத்தனையும் பலித்தது. யுன்ஜென் மூடியைச் சாய்த்தாள், நான் வானத்தை அடக்கி வைத்துக்கொண்டேன். ஒன்பது போட்டாள், நான் சிரித்துக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரரிடம் பேரனை விசாரித்தாள். பாவம், அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அடுத்த சீட்டாகக் கோடரியைப் போட்டாள். என் கையில் மூன்று புள்ளி தனியாக உட்கார்ந்திருந்தது.

"பதினாலு" என்றேன். காகிதத்தைத் தேநீரில் நனைத்து என் மனைவியின் நெற்றியில் ஒட்டினேன். முப்பத்தைந்து வருடத்தில் அவள் நெற்றியை நான் தொட்டது அதற்கு முன்பு காய்ச்சலுக்குத்தான்.

நண்பகலில் அவள் முகத்தில் எட்டுக் காகிதம். ஷியாங் அக்கா முகத்தில் மூன்று. என் தாடையில் ஒன்றே ஒன்று. கூட்டம் கை தட்டியது. மெத்துக்காதுக்காரர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

"ஒத்துக்கிறியா யுன்ஜென்?"

"ஒத்துக்கிறேன்" என்றாள் காகிதங்களுக்கு நடுவிலிருந்து. "இனி ஞாயித்துக்கிழமை நீங்க சமைக்க வேண்டாம். சொன்னா சொன்னதுதான்."

என் வாழ்க்கையின் மிக நல்ல நிமிடம் அது. அரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுந்து தூண்டில் கோலைப் பிடித்தேன்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள்.

"ஆத்துக்கு. பன்னிரண்டரை பஸ்."

கொதிநீர் ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் அப்படியே நின்றார்.

"ஜெயிச்சவர் முதல்ல எழுந்திருக்கிறதா?" என்றாள் யுன்ஜென் மெல்ல. "இது எந்த ஊர் வழக்கம்?"

எந்த ஊர் வழக்கமும் இல்லை. நாற்பது நாள் முன்பு வரை சீட்டைத் தொடாத எனக்குக்கூட அது தெரியும். ஜெயித்துக்கொண்டிருப்பவன் 'போதும்' என்று சொல்லக் கூடாது. முகத்தில் அதிகக் காகிதம் தொங்குகிறவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை ஜெயித்தவன் உட்கார்ந்திருக்க வேண்டும், தோற்றவர் திருப்பி எடுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் மாட்டு வைத்தியர் ஒருதடவை ஜெயித்த கையோடு எழுந்து போய்விட்டார். இன்றுவரை அவரிடம் யாரும் ஒரு வாத்தைக்கூடக் கூட்டிப் போவதில்லை.

"ஒப்பந்தத்துல நண்பகல் வரைக்கும்னுதானே..."

"பந்தயம் முடிஞ்சுது. நீங்க ஜெயிச்சாச்சு. மேஜை முடிஞ்சுதா? என் மூஞ்சியைப் பாருங்க. எட்டு. இதோட நான் எழுந்து தெருவுல நடக்கணுமா?"

"உட்காருப்பா ரான்" என்றது பின்னால் கூட்டம். "அந்தம்மா பாவம்."

உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு இன்னொரு பஸ் உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகுதான் மூளையில் பொறி தட்டியது. நான் தோற்றுவிட்டால்? என் முகத்தில் காகிதம் ஏறிவிட்டால் நானே 'போதும்' என்று சொல்லிவிடலாமே. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது எதற்குக் கலங்க வேண்டும்?

தோற்க ஆரம்பித்தேன்.

யுன்ஜென்னுக்கு ஐந்து வேண்டும் என்று அவள் எடுத்ததிலிருந்து எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தைத் தூக்கி அவள் முன்னால் போட்டேன். அவள் கொட்டாவி விட்டாள். சீட்டு அப்படியே கிடந்தது. சரி, ஷியாங் அக்காவுக்கு ஆறு போட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆறு. உங்களுக்கு வேணுமே."

"எனக்கா? கண்ணு தெரியலை தம்பி."

காலையில் கடுகு அளவுப் புள்ளியைக்கூட எண்ணியவர். அடுத்து யுன்ஜென் ஒரு சீட்டைப் போட்டாள். எனக்கு வேண்டிய அதே சீட்டு. நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"ரான், பதினாலு" என்று பின்னாலிருந்து நாற்பது தொண்டைகள். ஒருவர் என் கையைப் பிடித்துச் சீட்டை வைக்கவே வைத்துவிட்டார். "எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன்யா நீ. பார்க்கவேகூட வேண்டாம் போலிருக்கு."

யுன்ஜென் நெற்றியை நீட்டினாள். இடம் இல்லாததால் காதில் ஒட்டினேன்.

கையில் வானத்தையும் பூமியையும் சேர்த்தே வைத்துக்கொண்டு வானத்தைத் தூக்கி எறிந்துபார்த்தேன். கூட்டம் அலறியது. ஷியாங் அக்கா அதை எடுத்து மறுபடியும் என் கையில் செருகினார். "கை தவறிடுச்சு, பாவம். புதுசு" என்று எல்லோருக்கும் விளக்கம் வேறு சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் ஜெயிக்கலாம். அது நன்றாகவே தெரிந்தால் விரும்பியபடி தோற்கவும் செய்யலாம். எனக்கு நாற்பது நாள் பயிற்சி. அவளுக்கு நாற்பது வருடம். ஜெயிப்பதில்தான் நான் அவளுக்குச் சமம், தோற்பதில் அவள் கால் தூசிக்கு நான் பெறமாட்டேன்.

ஒரு மணி பஸ் போனது. இரண்டு மணி பஸ் போனது. மூன்று மணி பஸ் ஆரன் அடித்துவிட்டுப் போனது. மாலையில் கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கியபோது யுன்ஜென்னின் முகம் காகிதத்துக்குப் பின்னால் முழுவதும் மறைந்துவிட்டிருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"கடை சாத்துறாங்க. இன்னைக்கு நிறுத்திக்கலாம். மேஜை முடியலை. அடுத்த ஞாயிறு தொடரலாம்."

"அடுத்த ஞாயிறா? அன்னைக்கு என் நாளு. கையெழுத்துப் போட்டிருக்கே."

"உங்க நாளேதான். சமைக்க வேண்டாம்னு எழுதியிருக்கு. சமைக்கச் சொன்னேனா?"

"அப்போ சாப்பாட்டுக்கு?"

"சனிக்கிழமையே செஞ்சு வச்சிடுங்க. மூணு பேருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "டோஃபு மட்டும் வேண்டாம்" என்றாள்.

அன்றிலிருந்து பதினாறு ஞாயிறு போய்விட்டது. நான் இன்னும் ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஊரில் எனக்கு ஆட்டக்காரன் என்று பெயர் வந்துவிட்டது. மாட்டு வைத்தியர்கூட வணக்கம் சொல்கிறார். ஒரே ஒரு ஆறுதல்: என்னால் இரண்டு பெண்கள் பகை மறந்தார்கள். முதல் வாரம் மூஞ்சியைப் பார்க்க மாட்டேன் என்றவர்கள் மூன்றாவது வாரமே ஒரே தட்டில் சூரியகாந்தி விதை கொறித்தார்கள். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் பாலமாக இருந்திருக்கிறோமே என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் பெருமையை வைத்து மீன் பிடிக்க முடியாது. கோலில் மறுபடியும் காலுறை ஏறிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல், பழையபடி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு டோஃபுக் கடைக்குப் போனேன். ஷியாங் அக்கா தனியாகத்தான் இருந்தார். உள்ளே கூட்டிப்போய், சோயா மூட்டைமேல் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, உங்களைக் கும்பிடுறேன். எனக்கு ஒரு பாடம் மட்டும் மிச்சம் இருக்கு."

"என்ன தம்பி?"

"தோக்கிறது எப்படின்னு சொல்லிக்கொடுங்க. ஒரே ஒரு ஞாயிறு தோத்தா போதும். எத்தனை அண்டா குழம்பு வேணும்னாலும் கலக்கித் தர்றேன்."

அவர் என்னை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

"அது முடியாது தம்பி. உனக்கு ஜெயிக்கிறதுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தா போதும்னுதான் யுன்ஜென் சொல்லியிருக்கா."